தேனீக் கூட்டம் பிரிந்து போவதைத் தடுக்க முடியுமா?

கேள்வி: குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இரண்டு பெட்டிகளில் தேனீ வளர்க்கிறேன். போன டிசம்பரில் ஒரு பெட்டியிலிருந்து பாதித் தேனீக்கள் கிளம்பி முருங்கைக் கிளையில் தொங்கின. பிடித்துப் புதுப் பெட்டியில் விட்டேன். மறுநாள் மதியத்துக்குள் பறந்துவிட்டன. இந்த வருடம் தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அவை பிரிவதற்கு முன்னால் நீங்களே பிரித்துவிடுங்கள்.

உங்கள் பகுதியில் ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் தேன் வரத்து. பூவில் அல்ல, இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் தேன் அது. அதற்கு முந்தைய மாதங்களில் மகரந்தம் நிறைய வர, கூட்டம் பெருகும். பெருகியதும் பிரியப் பார்க்கும். டிசம்பரில் பாதி போய்விட்டால், தேன் வரும் நேரத்தில் அதைச் சேகரிக்க ஆளிருக்காது.

அதனால் அக்டோபரிலிருந்தே வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். மாலையில் வாசலில் தேனீக்கள் கொத்தாகத் தொங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். புழுக்கத்திலும் அப்படித்தான் தொங்கும். அடையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முதலில் ஆண் தேனீ அறைகள் கூடும். நம் இந்தியத் தேனீயில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: மூடிய அறையின் மேல், நடுவில் ஊசி குத்தியது போல ஒரு துளை இருக்கும். அடுத்து, அடையின் கீழ் விளிம்பில் சுண்டுவிரல் நுனி அளவில், புது ராணி வளரும் ராணி அறைகள் கீழ்நோக்கித் தொங்கும். அவற்றின் வாய் மூடியதும், வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

ராணி அறைகளைக் கிள்ளி எறிந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். சில நாளில் மறுபடி கட்டிவிடும். அதைவிட ஆபத்து, பழைய ராணி ஏற்கெனவே போயிருந்து, உள்ளே முட்டையும் இல்லாதபோது கிள்ளுவது. பெட்டி ராணியில்லாமல் அழிந்துவிடும்.

பிரிப்பது இப்படி. பழைய ராணி இருக்கும் அடையையும், புழு, மகரந்தம், தேன் உள்ள இன்னும் இரண்டு அடைகளையும் தேனீக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். அதில் ராணி அறை எதுவும் இருக்கக் கூடாது. பழைய பெட்டியில் நல்ல, நீளமான ராணி அறை ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். புதுப் பெட்டியை இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி வைக்க இடமிருந்தால் நல்லது. பக்கத்திலேயே வைத்தால் வெளியே போய்வரும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அப்படியானால் பழைய பெட்டியின் அடைகளில் உள்ள இளம் தேனீக்களைப் புதுப் பெட்டிக்குள் கூடுதலாக உதறிவிடுங்கள். அப்புறம் பழைய பெட்டியை இரண்டு வாரம் கிளறாதீர்கள். புது ராணி வெளியே பறந்து இணைசேர்ந்து வர அந்த நேரம் வேண்டும். மூன்று வாரமாகியும் முட்டை தென்படாவிட்டால் ராணியுள்ள பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

சரி, அதையும் மீறி ஒரு கூட்டம் கிளையில் தொங்கினால்? அன்று மாலைக்குள் பிடித்துவிடுங்கள். போன முறை ஓடியதற்குக் காரணம், அநேகமாக வெறும் பெட்டியில் விட்டதுதான். இன்னொரு பெட்டியிலிருந்து இளம் புழு உள்ள ஓர் அடையை எடுத்து வையுங்கள். புழுவை விட்டுவிட்டுத் தேனீ எளிதில் போகாது. நிழலில் வைத்து, இரவில் சர்க்கரைப் பாகு கொடுங்கள், வெளியே சிந்தாமல். வாசலில் ராணித் தடுப்புத் தகடு (ராணி நுழைய முடியாத, வேலைக்காரத் தேனீ மட்டும் போய்வரும் துளையுள்ள தகடு) போட்டால் இரண்டு மூன்று நாளில் எடுத்துவிட வேண்டும். முதல் பிரிவுக்குப் பின் கிளம்பும் சின்னக் கூட்டம் என்றால் தகடே வேண்டாம்: அதிலிருப்பது இணைசேராத ராணி, அடைத்து வைத்தால் கூட்டமே வீணாகும்.

ஒன்றை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ராணி அறை ஒன்றுகூட இல்லாமல் மொத்தப் பெட்டியும் காலியானால் அது பிரிவு அல்ல, ஓட்டம். எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, மழைக்காலப் பட்டினி, இவற்றில் ஒன்று இருக்கும். பெட்டித் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், தேனீ மூடாத பழைய அடையை எடுத்துவிடுங்கள். அறைக்குள் புழுக்கள் நீர் நிறைந்த பைபோலச் செத்து நின்றால் அது தாய் சாக் புரூட் (Thai sacbrood) வைரஸ்; 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாக அழித்த நோய். அந்தப் பெட்டியின் அடை, அடையைத் தாங்கும் மரச்சட்டம் எதையும் மற்றதற்கு மாற்றாதீர்கள், பிடித்த கூட்டத்தையும் அதில் விடாதீர்கள்.