நம் ஊர், நம் சாலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இப்போது சுற்றிலும் செம்பனை, நடுவில் நான்கு தாமான் குடியிருப்புகள். தமிழ்ப்பள்ளி பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், வீடுகள் இந்தப் பக்கம். குலை ஏற்றிய லோரிகள் வருகிற வேகத்துக்குப் பயந்து, அரை கிலோமீட்டர் தூரத்துக்கும் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன். மனுக் கொடுத்தால் 'பட்ஜெட் இல்லை' என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்ய முடியும்?
(ஒரு தாய், பேராக்)

பதில்: நிறையவே செய்ய முடியும், சகோதரி. முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்த மனுவை யாரிடம் கொடுத்தீர்கள்? தாமானுக்குள் ஓடும் சாலை மாவட்ட மன்றத்தின் பொறுப்பு, ஊரைக் கடந்து போகும் பெரிய சாலை பெரும்பாலும் ஜே.கே.ஆர். என்ற பொதுப்பணித் துறையின் பொறுப்பு. சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள்: வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசுச் சாலை, பேராக்கில் 'ஏ' எழுத்தோடு எண் இருந்தால் மாநிலச் சாலை. அந்தச் சாலை எண்ணையும் கிலோமீட்டரையும் மனுவின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அது தவறான மேசையில் போய்த் தூங்கும்.

அடுத்தது, எடுத்த எடுப்பில் மேம்பாலம் கேட்காதீர்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துச் சாலைப் பொறியாளர் சார்ல்ஸ் மரோன் தொடங்கிய 'ஸ்ட்ராங் டவுன்ஸ்' என்ற அமைப்பு ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி சொல்கிறது. மக்கள் எங்கே சிரமப்படுகிறார்கள் என்று பணிவோடு கவனியுங்கள், அந்தச் சிரமத்தைக் குறைக்க இன்றைக்கே செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை எது என்று பாருங்கள், அதைச் செய்துவிடுங்கள், பிறகு மறுபடியும் கவனிக்கத் தொடங்குங்கள். 'பணிவோடு' என்ற அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்பதை அதிகாரிகளும் நாமும் உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிவு செய்துகொள்கிறோம், உண்மையில் அவர்கள் கடப்பது ஒட்டுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் சந்தில்.

அதனால் மூன்று நாள், காலையில் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும், இரண்டு மூன்று பெற்றோராகப் போய் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் காத்திருந்து கடக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஒரு பாட்டியையும் கூட நடக்கச் சொல்லுங்கள். அவர் அந்தச் சாலையைக் கடக்க 8 விநாடி ஆகிறது என்று வையுங்கள், 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி அந்த 8 விநாடிக்குள் 150 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வளைவு 100 மீட்டரில் இருந்தால், பாட்டி காலை எடுத்து வைக்கும்போது கண்ணுக்கே தெரியாத லோரி, அவர் நடுச்சாலையில் இருக்கும்போது எதிரே வந்துவிடும். அவர் பார்க்காமல் கடந்தார் என்று பழி சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில், மலாயில், படங்களோடு எழுதிக் கொடுங்கள். கேட்பதும் சின்னதாக இருக்கட்டும்: அழிந்துபோன வரிக்குதிரைக் கோட்டுக்குப் புதுச் சாயம், வளைவை மறைக்கும் லாலான் புல்லை வெட்டுவது, சாய்ந்து கிடக்கும் பள்ளிப் பலகையை நிமிர்த்துவது. பள்ளிப் பகுதியில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். 50ல் வரும் வண்டியின் மோதும் சக்தி 30ல் வருவதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதையும் எழுதுங்கள்.

மாவட்ட மன்றம் போன்ற ஊராட்சி மன்றங்களுக்கான தேர்தல் 1965லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, கவுன்சிலர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஓட்டுப் போட்டு அவர்களை மாற்ற முடியாது, சரி. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, மன்றம் தீர்மானம் போட்டுத் தடுத்தால் ஒழிய அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நான்கு தாய்மார்கள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

அனுமதி தேவைப்படாத வேலையும் உண்டு. பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, முன்னால் ஒரு பெற்றோர், பின்னால் ஒரு பெற்றோர், தினமும் ஒரே நேரத்தில் கூட்டமாக நடத்திக் கூட்டிப் போகலாம். கூட்டமாகப் போனால் ஓட்டுநர் கண்ணில் படும், பள்ளி வாசலில் பத்துக் கார்களும் குறையும். நீங்களாகவே பொங்கோல் (வேகத்தடை மேடு) மட்டும் போட்டுவிடாதீர்கள், அனுமதியில்லாமல் போடுவது சட்டப்படி தவறு. நம் நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள், அவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இருட்டில் பொங்கோல் தெரியாமல் விழுகிறவர் நம் வீட்டுப் பையனாகவே இருக்கலாம்.

கேள்வி: கடை வரிசை முனையில் கார் நிறுத்தக் கூடாது என்கிறார்கள். எங்கள் வியாபாரம் என்னாவது?
(மளிகைக் கடைக்காரர், கெடா)

பதில்: முனையை மட்டும்தானே ஐயா கேட்கிறார்கள், முழு வரிசையையும் இல்லை. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் ஹோபோகன் என்று ஒரு சிறு நகரம். அங்கே சந்திப்புகளின் முனையில் வண்டி நிற்கவிடாமல் செய்து, நடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி வைத்தார்கள். வேறு சில மாற்றங்களும் சேர, 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரத்தில் சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. எங்கள் ஊர்க் கடை வரிசையில் நான் பார்த்தவரை, காலையிலேயே வந்து முனையில் நின்றுவிடுபவை பெரும்பாலும் கடைக்காரர்களின் சொந்த வண்டிகள். உங்களுடையதைக் கடைக்குப் பின்னால் நிறுத்தித் தொடங்குங்கள். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் அடுக்கிய அரிசி மூட்டையையும் கொஞ்சம் உள்ளே தள்ளினால், சக்கர நாற்காலியில் வருகிறவரும் உங்கள் வாடிக்கையாளர் ஆவார்.

கேள்வி: கோயிலுக்குப் போகும் பாதையில் விளக்கு எரியவே இல்லை. மாலைப் பூசைக்குக்கூட மகனைக் காரெடுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலமுறை சொல்லியாயிற்று.
(எழுபது வயது அம்மா, நெகிரி செம்பிலான்)

பதில்: அம்மா, விளக்குக் கம்பத்தில் ஒரு எண் எழுதியிருக்கும். பகலில் பேரனைக் கூட்டிப் போய் அந்த எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். 'கோயில் பக்கத்து விளக்கு' என்று சொன்னால் எந்த விளக்கு என்று தேட வேண்டும், கம்பத்தின் எண்ணைச் சொன்னால் தேட வேண்டாம். புகார் எண் ஒன்றைக் கேட்டு வாங்கி, தேதியோடு காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் விளக்கு எரியாவிட்டால் அந்தப் புகார் எண்ணோடு எனக்கு எழுதுங்கள், அடுத்த கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.