சம்பளச் சீட்டைப் பார்த்தீர்களா? வாசகர் கேள்வி பதில்

அண்ணா, கால்பந்து கிளப்பை நாமே நடத்தும் கம்ப்யூட்டர் கேம் ஃபுட்பால் மேனேஜரில், நேஷனல் லீக் நார்த் என்ற இங்கிலாந்தின் ஆறாம் நிலை லீக்கில் ஒரு சின்ன கிளப்பை எடுத்தேன். இரண்டாவது சீசனிலேயே மேல் லீக்குக்கு ஏறிவிட்டோம். இப்போது ஜனவரி வருவதற்குள் கையில் காசில்லை, கிளப்பின் நிர்வாகக் குழு ஆட்டக்காரரை விற்கச் சொல்கிறது. நான் யாரையும் விலை கொடுத்து வாங்கவே இல்லையே, பணம் எங்கே போனது?
வாசகர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

விலை கொடுத்து வாங்கவில்லை, சரி. ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதிக் கொடுத்தீர்கள் தம்பி? உங்கள் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். 'மேலே ஏறினால் சம்பள உயர்வு' என்று ஒரு வரி பாதிப் பேருக்காவது இருக்கும். ஏஜென்ட் கேட்டபோது, அந்தக் கீழ் நிலையில் யார் ஏறப்போகிறார்கள் என்று நினைத்துச் சரி சொல்லியிருப்பீர்கள், ஏனென்றால் அன்றைக்கு அது ஓசி மாதிரி தெரிந்திருக்கும். வாரம் 300 பவுண்ட் வாங்கும் 20 பேர் என்றால் 6,000. ஏறியதும் எல்லாருக்கும் 30 சதவீதம் கூடினால் 7,800. இதற்கு மேல் ஆடுகிற ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தலைக்கு 50 பவுண்ட் என்றும் எழுதியிருந்தால், செவ்வாயும் சனியும் மேட்ச் விழுகிற வாரத்தில் அது மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும். டிக்கெட் வாங்க வருகிற கூட்டமோ ஒரே சீசனில் இரண்டு மடங்கு ஆகிவிடாது.

நானும் பட்டவன்தான். 33 வயது ஸ்ட்ரைக்கர் ஒருவர் சும்மா கிடைக்கிறாரே என்று மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வாங்கினேன். ஆகஸ்டில் முழங்கால் போயிற்று. அப்புறம் அந்த மனுஷர் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார், ஒப்பந்தத்தை முறிக்கப் பார்த்தால் அதற்கும் தனியாகத் தொகை கேட்டார்.

அதனால் கீழ் லீக்கில் ஒரு வருட ஒப்பந்தம் போதும், கூடவே இன்னொரு வருடம் நீட்டிக்கும் உரிமையை கிளப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பகுதிநேர ஆட்டக்காரர்களை அவசரப்பட்டு முழுநேரமாக்க வேண்டாம். ஒப்பந்தமே இல்லாமல் மேட்ச் காசுக்கு மட்டும் ஆடுகிறவர்கள் மலிவுதான், ஆனால் நன்றாக ஆடினால் அடுத்த ஊர் கிளப் ஒரு காசு தராமல் கூட்டிக்கொண்டு போய்விடும், அதனால் நல்லவன் என்று தெரிந்த அன்றைக்கே ஒப்பந்தத்தில் கட்டிப் போடுங்கள். பெரிய கிளப்பின் பையன்களை லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாகக் கேளுங்கள், சம்பளத்தில் பெரும்பங்கை அவர்களே கொடுக்கட்டும். ஜனவரியில் திரும்பக் கூப்பிடும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள், சீசன் நடுவில் இடது பக்கமே காலியாகி நின்றவன் சொல்கிறேன். சீசன் தொடங்கும் முன் பெரிய கிளப் ஒன்றை உங்கள் மைதானத்துக்கே நட்பு ஆட்டத்துக்கு அழைத்தால் டிக்கெட் வருமானமும் வரும்.

இப்போதைக்கு அதிகச் சம்பளம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் இருக்கும் இரண்டு பேரை லோனில் அனுப்பிவிடுங்கள். கோலடிப்பவனை மட்டும் விற்காதீர்கள். ஜனவரிச் சந்தையில் புதிதாக யாரையும் சேர்க்கவும் வேண்டாம். காவடி விரதம் போல நினைத்துக் கையை அடக்குங்கள்.

கீழ் லீக்கில் எந்த ஃபார்மேஷன் (களத்தில் ஆட்களை நிறுத்தும் முறை) நல்லது?
வாசகர், ஃபீனிக்ஸ்

உங்களிடம் இருக்கும் ஆட்களுக்கு எது பொருந்துகிறதோ அது. 4-4-2, அதாவது பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர், பழசு என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆட்டக்காரரின் திறமைகளுக்கு 1 முதல் 20 வரை எண் கொடுக்கிறார்கள் அல்லவா, கீழ் லீக்கில் வேகம், துள்ளல், உழைப்பு, மன உறுதி இந்த நாலும்தான் சோறு போடும். பாஸ் 7 இருக்கிறவனை வைத்துக்கொண்டு கோல்கீப்பரிடமிருந்தே குட்டிக் குட்டி பாஸாக ஆடச் சொன்னால், அவன் பந்தை எதிராளியின் காலிலேயே கொண்டுபோய் வைப்பான். வேகம் 13 உள்ள ஒருவனை முன்னால் நிறுத்தி, பந்தை அவனுக்கு முன்னே போடச் சொல்லுங்கள். கார்னரைப் பயிற்சி செய்ய வையுங்கள். பகுதிநேரக்காரர்களுக்குப் பயிற்சி நேரம் குறைவு, சீக்கிரம் களைத்துவிடுவார்கள், மேட்ச் முழுக்கத் துரத்தித் துரத்திப் பந்தைப் பறிக்கச் சொன்னால் எழுபதாவது நிமிடத்தில் நிற்கவே முடியாது.

மேனிங் ரேஞ்சர்ஸை இந்த கேமில் நான் நடத்த முடியுமா? என் தாத்தா அந்த டீம் பைத்தியம்.
வாசகர், டோங்காட்

தாத்தாவுக்கு என் வணக்கம். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: 1928-இல் டர்பனில் தொடங்கி, நம் சாட்ஸ்வொர்த்தில் ஆடிய கிளப் அது. நாட்டின் முதல் நிலை லீக்கான பி.எஸ்.எல். தொடங்கிய 1996-97 சீசனிலேயே, கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ் போன்ற பெரிய கிளப்கள் எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டுக் கோப்பையை எடுத்தது. பயிற்சியாளர் கோர்டன் இகெசுண்ட். பின்னாளில் பைரேட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ் என்று இன்னும் மூன்று கிளப்களோடும் லீக்கை வென்றவர்.

அந்த கிளப் இன்று லீக்கில் இல்லை, அதனால் பட்டியலில் தேடினால் கிடைக்காது. 2024 பதிப்பில் சொந்தமாக கிளப் உருவாக்கும் வசதி உண்டு. இரண்டாம் டிவிஷனில் ஒரு கிளப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் பெயர், ஜெர்சி, மைதானத்தை வையுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், நிஜத்தில் நம் தென்னாப்பிரிக்காவில் லீக் இடத்தையே விலைக்கு வாங்கலாம், 2017-இல் அமாசுலு கிளப் அப்படித்தான் தாண்டா ராயல் சுலு கிளப்பின் இடத்தை வாங்கி மேலே வந்தது. கேமில் அந்தக் குறுக்கு வழி இல்லை, முதலிடம் வந்தால் நேரே ஏறலாம், இரண்டாவதோ மூன்றாவதோ வந்தால் ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களை ஆட வேண்டும்.

2024 பதிப்பிலேயே இருக்கலாமா, புதியதை வாங்கலாமா?
வாசகர், லெனேசியா

2025 பதிப்பை அந்த ஆண்டு பிப்ரவரியில் கேமைச் செய்யும் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனமே ரத்து செய்துவிட்டது. அடுத்தது நவம்பரில் வந்த 26, புது எஞ்ஜினில் செய்தது, பெண்கள் கால்பந்தும் அதில் உண்டு. உங்கள் லேப்டாப் பழசென்றால் 24-இலேயே இருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. தானாக சேவ் ஆகும் வசதியை வாரம் ஒருமுறை என்று வையுங்கள், மூன்று கோப்புகளாகச் சுழற்றச் சொல்லுங்கள். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தின் 88-ஆவது நிமிடத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. 2-1 என்று முன்னால் இருந்தோம். திரும்ப ஆடினபோது 0-3.

ஐயா, என் மகன் மேட்ரிக் (பள்ளிக் கடைசி வருடம்) படிக்கிறான். "ஒரே ஒரு மேட்ச் அம்மா" என்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறான். என்ன செய்வது?
ஒரு தாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, ஒரு மேட்ச் என்று ஒப்பந்தம் போடாதீர்கள், அதில்தான் அவன் ஏமாற்றுகிறான். மேட்ச் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த மேட்ச் வரைக்கும் நடக்கும் பேரம், காயம், பயிற்சி, அதுதான் இரவைத் தின்கிறது. கடிகாரத்தை வைத்துப் பேசுங்கள், பத்தரை என்றால் பத்தரை. டிரான்ஸ்ஃபர் கடைசி நாள், அதாவது ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கடைசி நாள் என்று கெஞ்சினால் ஒரு அரைமணி விடுங்கள், பாவம். வாரச் சம்பளக் கணக்கு அவ்வளவு போடுகிறானே, மாசக் கடைசியில் வீட்டு மளிகைக் கணக்கையும் அவன் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.