லாரி, பஸ் பக்கத்தில் வண்டி ஓட்டுவது: பெங்களூர் ஆட்கள் கேட்டவை

பீனியாவிலிருந்து ஓசூர் பக்கம் கன்டெய்னர் ஓட்டியவன் நான். இப்போது ஹெவி லைசன்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு ஓட்டச் சொல்லித் தருகிறேன். கேளுங்கள்.

ஸ்ரீராம்புரம் தம்பி: அண்ணா, சிக்னலில் லாரிக்கு இடப்பக்கம் சந்து இருந்தால் ஸ்கூட்டரை விட்டு முன்னால் போய்விடுவேன். தப்பா?

தப்புதான் தம்பி, இன்றோடு விட்டுவிடு. டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், அதுவும் உயரத்தில். இடப்பக்கக் கதவை ஒட்டி நிற்கிற ஸ்கூட்டர் அவருக்குத் தெரியாது, பம்பரை ஒட்டி நேர் முன்னால் நின்றால் உன் ஹெல்மெட்டைக்கூடப் பார்க்க முடியாது. முன்பு கிளீனர் தலையை வெளியே நீட்டிக் கதவைப் படபடவென்று தட்டுவார், இப்போது நிறைய வண்டியில் கிளீனரே இல்லை.

இதைவிட மோசம் இடது திருப்பம். நீள வண்டியின் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் டிரைவர் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி அப்புறம்தான் இடது பக்கம் ஒடிப்பார், அந்த ஒதுங்கலைப் பார்த்து நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்து உள்ளே நுழைகிறவர்கள்தான் பின் சக்கரத்துக்கும் பிளாட்பாரக் கல்லுக்கும் நடுவில் மாட்டுகிறார்கள். பின்னாலேயே நில். அவருடைய சைடு கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரிகிற மாதிரி நில்.

எலக்ட்ரானிக் சிட்டிக்குக் காரில் போகிறவர்: எவ்வளவு இடைவெளி விட வேண்டும் சார்?

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறீர்கள். மூன்று வினாடி என்றால் 50 மீட்டர். மழையில் அதை இரண்டு மடங்காக்குங்கள். ஓசூர் ரோட்டில் அவ்வளவு விட்டால் நாலு பேர் நுழைவார்கள்தான், நுழையட்டும், மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

லாரிக்கு முன்னால் இருக்கிற காலி இடத்தில் மட்டும் சட்டென்று நுழையாதீர்கள். அது அவர் பிரேக் பிடிக்க விட்டுவைத்த இடம். ஏர் பிரேக்கில் பெடலை மிதித்த பிறகு காற்று சக்கரம் வரை போய்ச் சேரவே ஒரு கணம் ஆகும், லோடு இருந்தால் அதற்கப்புறமும் வண்டி தள்ளிக்கொண்டேதான் வரும்.

மடிவாளாவிலிருந்து ஒருவர்: லாரிக்காரர் வலது இன்டிகேட்டர் போட்டால் ஓவர்டேக் பண்ணு என்று அர்த்தமாமே?

சிலர் அப்படிப் போடுவார்கள், சிலர் நிஜமாகவே வலது திரும்பப் போடுவார்கள். உங்களால் எப்படிப் பிரித்துச் சொல்ல முடியும்? எதிர்ச் சாலை முழுதாக உங்கள் கண்ணுக்கே தெரிந்தால் போங்கள், இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள்.

அல்சூர் அக்கா: ஸ்டாப்பில் நிற்கிற பிஎம்டிசி பஸ்ஸை எந்தப் பக்கம் தாண்டுவது?

இடப்பக்கம் போகவே கூடாதுக்கா. கதவு அங்கேதான், ஜனம் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே குதிக்கும். வலப்பக்கம் போனாலும் மெதுவாக, பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து யாராவது குறுக்கே ஓடி வருவார்கள். கண்டக்டர் "ரைட்" சொல்லிவிட்டால் பஸ் கிளம்பிவிடும், வழி விட்டு நில்லுங்கள்.

தும்கூர் ரோட்டில் இரவில் கார் ஓட்டுகிறவர்: ஓரத்தில் நிற்கிற லாரி கிட்டே போனால்தான் தெரிகிறது, என்ன செய்ய?

எனக்கு அதிகம் வயிறு கலங்குவது இதில்தான். டெயில் லைட் எரியாது, ரிஃப்ளெக்டர் மேல் சேறு அப்பியிருக்கும். லாரியின் பின்பக்கம் சரியாகக் கார் கண்ணாடி உயரத்தில் இருப்பதால் பானெட் அடியில் போய்விடும், ஏர்பேக் இருந்தும் பயன் குறைவு. இடது ஓர லேனை விட்டு நடுவில் வாருங்கள். ஹெட்லைட் வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம் போதும். உங்கள் வண்டியே நின்றுவிட்டால் நான்கு இன்டிகேட்டரையும் போட்டு, சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, காருக்குள் உட்காராமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.