ஜேக் சட்டம் யாரைப் பிடிக்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க லாபியிஸ்ட்கள் (காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்காக அரசிடம் பேசுகிறவர்கள்) பற்றிய உங்கள் கட்டுரையில் 'ஜேக் சட்ட'த்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். லஞ்ச வழக்கில் ஜெயிலுக்குப் போனவர் வெளியே வந்து மறுபடியும் செனட்டர்களைப் பார்க்கலாம், படிவத்தில் பழைய தண்டனையை எழுதினால் போதும் என்பதெல்லாம் ஒரு சட்டமா? வக்கீல் தப்பு செய்தால் பார் கவுன்சில் சன்னதைப் பறிக்கிறது. இவர்களுக்கு ஏன் தடை இல்லை? இந்தியாவில் இந்த அளவுக்காவது யாராவது முயன்றிருக்கிறார்களா?

கே.எஸ்., திருச்சி

அன்புள்ள கே.எஸ்.,

வக்கீலுக்கு சன்னது உண்டு, பறிக்கலாம். லாபிக்கு உரிமமே கிடையாது, பதிவு மட்டும்தான். அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் காக்கிறது. காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக முறையிடுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. அதனால் அங்கே லாபிச் சட்டங்கள் பெரும்பாலும் 'சொல்லிவிட்டுச் செய்' என்ற பக்கமே சாய்கின்றன.

ஜேக் சட்டமும் அப்படித்தான். லூசியானா செனட்டர் ஜான் கென்னடி 2018-ல் கொண்டுவந்த மசோதா, 2019 ஜனவரி 3-ல் சட்டமானது. லஞ்சம், மிரட்டிப் பணம் பறித்தல், கையாடல், கள்ளக் கமிஷன், வரி ஏய்ப்பு, மோசடி, பதவியில் சொந்த ஆதாயம் பார்த்தல், அதிகாரிகளிடம் பொய்த் தகவல், பொய்ச் சாட்சி, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குதல் ஆகிய பத்தில் எதற்காவது தண்டனை பெற்றிருந்தால் தேதியையும் குற்றத்தின் விவரத்தையும் பதிவுப் படிவத்திலும் காலாண்டு அறிக்கையிலும் எழுத வேண்டும். பழைய வழக்கை மறைத்துப் புது வாடிக்கையாளரைப் பிடிப்பது இதனால் கடினமாகிறது. அந்த அளவுக்கு நல்லதுதான்.

ஆனால் படிவத்தை நிரப்புகிறவரை மட்டுமே படிவம் பிடிக்கும். சட்டத்துக்குப் பெயர் தந்த லாபியிஸ்ட் ஜேக் அப்ராமாஃபையே பாருங்கள். பழங்குடியினரிடம் கோடிக்கணக்கில் கறந்த வழக்கில் 2006-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார், 2010-ல் வெளியே வந்தார். 2017-ல் கஞ்சாத் தொழில் சம்பந்தமாக லாபி செய்தபோது அவர் பதிவே செய்யவில்லை. பதிவு செய்யாதவருக்கு எந்தக் கட்டத்தில் பழைய தண்டனையை எழுதச் சொல்வது? 2020-ல் அவரை மாட்டவைத்தது 1995-ன் லாபி வெளிப்படுத்தல் சட்டம். வேண்டுமென்றே, ஊழல் நோக்கத்தோடு மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்ற பிரிவு அதில் 2007-ல் சேர்ந்தது. அவருடைய முதல் ஊழலின் எதிரொலியாக வந்த பிரிவு அது. அதில் முதலில் சிக்கியவரும் அவரே. பதிமூன்று ஆண்டுகளில் ஒருவர்!

ஏன் இவ்வளவு குறைவு? முதல் ஓட்டை, யார் லாபியிஸ்ட் என்ற வரையறை. ஒரு வாடிக்கையாளருக்காகச் செலவிடும் நேரத்தில், மூன்று மாதக் கணக்கில், 20 சதவீதமாவது லாபி வேலையாக இருக்க வேண்டும்; ஒன்றுக்கு மேற்பட்ட முறை அரசு அதிகாரியையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ தொடர்புகொண்டிருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பதிவு. 19 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் வெறும் 'ஆலோசகர்'. செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த டாம் தாஷல் 2004-ல் தோற்றபின் 2016 வரை பதிவு செய்யாமல் கொள்கை ஆலோசகராகவே இருந்தார். அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அதனால்தான் வாஷிங்டனில் இதற்கு 'தாஷல் ஓட்டை' என்றே பெயர்.

இரண்டாவது, தப்பான அறிக்கை கொடுத்தால் நோட்டீஸ் வரும், 60 நாளுக்குள் திருத்திக்கொள்ளலாம். திருத்தாவிட்டால் 2 லட்சம் டாலர் வரை அபராதம். பெரும்பாலானவை திருத்தும் கட்டத்திலேயே முடிந்துவிடும். நோட்டீஸ் அனுப்பும் செனட் செயலருக்கும் பிரதிநிதிகள் சபை எழுத்தருக்கும் தணிக்கை, விசாரணை அதிகாரம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. அவர்கள் வாஷிங்டனின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அமைப்பு ஜி.ஏ.ஓ. ஆண்டுதோறும் அறிக்கைகளில் ஒரு மாதிரியை எடுத்துச் சரிபார்க்கிறது. அதிலும் பதிவு செய்தவர்களின் காகிதங்கள்தான் கையில் சிக்கும்.

ஆகவே ஜேக் சட்டத்தின் பத்துக் குற்றங்களைப் பதினைந்தாக்கினாலும் பெரிய பயன் இருக்காது. 20 சதவீத வரம்பை எடுத்துவிட்டு, பின்னாலிருந்து திட்டம் போட்டுத் தருகிறவரையும் பதிவுக்குள் கொண்டுவந்து, செயலருக்குத் தணிக்கை அதிகாரம் கொடுக்கும் மசோதா வந்தால் அதை ஆதரிப்பேன்.

இந்தியா பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012 டிசம்பரில் வால்மார்ட்டின் லாபிச் செலவு பற்றி நாடாளுமன்றம் அமளிப்பட்டதே, அந்தத் தகவல் கிடைத்தது இதே அமெரிக்கக் காலாண்டு அறிக்கைகளிலிருந்துதான். டெல்லியில் அப்படி எடுத்துப் பார்க்க ஒரு பதிவேடும் இல்லை. அந்த விவகாரத்தை விசாரிக்கும்படி ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கலிடம் இந்திய அரசு சொன்னது. 2013-ல் ஒடிசாவின் பிஜு ஜனதா தள எம்.பி. காளிகேஷ் சிங் தேவ் லாபி வெளிப்படுத்தலுக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.