பரிசோதித்த மாஸ்க்தான், அப்புறம் ஏன் அரிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 34. ஆய்வகத்தில் வேலை என்பதால் எட்டு மணி நேரமும் மாஸ்க்குடன்தான் இருக்கிறேன். ஒன்றரை மாதமாக மூக்குத்தண்டிலும் காதுக்குப் பின்னாலும் அரிப்பு. சிவந்து, லேசாகத் தோலும் உரிகிறது. பெட்டியில் 'தோலுக்குப் பாதுகாப்பானது எனப் பரிசோதிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. உண்மையில் என்னதான் பரிசோதிக்கிறார்கள்? எனக்கு மட்டும் ஏன் இப்படி?

மருத்துவர் பதில்: பெட்டியில் இருப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பரிசோதனை கேட்கும் கேள்வி வேறு, உங்கள் தோல் கேட்கும் கேள்வி வேறு.

மருத்துவ மாஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேசத் தரநிலையின்படிதான் சோதனை நடக்கும். மாஸ்க்கை அப்படியே யார் முகத்திலும் கட்டிப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டி, ஒரு பங்கை உப்புநீரிலும் இன்னொரு பங்கை எண்ணெயிலும் இளஞ்சூட்டில் ஊறவைப்பார்கள். வியர்வையில் கரைவது ஒன்று, தோலின் எண்ணெய்ப் பசையில் கரைவது வேறொன்று என்பதால் இரண்டும் வேண்டும். பிறகு சோதனைக்குப் போவது பெரும்பாலும் அந்த ஊறல் நீர்தான்.

முதலில் செல்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த எலிச் செல்களின் மேல் ஊறல் நீரை விட்டு ஒரு நாள் வைப்பார்கள். உயிரோடிருக்கும் செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருளில் நச்சு இருக்கலாம் என்று சந்தேகம். அடுத்தது எரிச்சல். முன்பெல்லாம் முயலின் முதுகு ரோமத்தை மழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அந்தத் தரநிலையில் 2021இல் வந்த புதிய பகுதி, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் படலத்துக்கு முன்னுரிமை தருகிறது. நல்ல மாற்றம்.

மூன்றாவது ஒவ்வாமை. இதற்குத்தான் வாரக் கணக்கில் ஆகும், ஏனென்றால் அலர்ஜி ஒரே நாளில் வருவதில்லை. உடல் முதலில் ஒரு பொருளை 'எதிரி' என்று மனப்பாடம் செய்ய வேண்டும். அடுத்த முறை அது பட்டால்தான் சண்டை. மனிதர்களிடம் செய்யும்போது ஒரே இடத்தில் மூன்று வாரங்களில் ஒன்பது முறை ஒட்டி எடுத்து, இரண்டு வாரம் போல இடைவெளி விட்டு, புதிய இடத்தில் மறுபடி ஒட்டிப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் பொதுவான தோலுக்கு. உங்களுக்கு ஏற்கெனவே நிக்கல் என்ற உலோகத்துக்கு அலர்ஜி இருக்கிறதா என்று பெட்டிக்குத் தெரியாது. எட்டு மணி நேர ஈரமும் உரசலும் ஊறல் நீரில் வராது. 'பரிசோதிக்கப்பட்டது' என்றால் சோதனை நடந்தது என்றுதான் பொருள், முடிவு என்ன என்று அந்த வார்த்தை சொல்வதில்லை. இன்னொன்று, தோல் சோதனை மூச்சைப் பற்றி எதுவும் சொல்லாது. 2021இல் கிராஃபீன் என்ற மிக மெல்லிய கார்பன் படலம் பூசிய மாஸ்க்குகளை அணிய வேண்டாம் என்று கனடா சுகாதாரத் துறை எச்சரித்தது, துகள்கள் நுரையீரலுக்குள் போகுமோ என்ற கவலையால்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்க் தொல்லையில் பாதி விடை, அரிப்பு எங்கே என்பதிலேயே இருக்கிறது. ஒருமுறை ஒருவர் வந்தார். இரு கன்னத்திலும் அரிசி அளவில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி, வேறெங்கும் ஒன்றும் இல்லை. மாஸ்க்கை வாங்கி விரித்துப் பார்த்தேன். நாடாவைத் துணியோடு பிடித்திருந்த ஸ்டேப்ளர் பின் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. ஜீன்ஸ் பொத்தான் பட்டால் தொப்புளுக்குக் கீழே அரிக்குமா என்று கேட்டேன். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நிக்கல்!

ஒருமுறை அணிந்து எறியும் மாஸ்க்கின் துணி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. அதற்கு அலர்ஜி வருவது அபூர்வம். நான் சந்தேகப்படுவது ஓரத்தில் இருப்பவற்றை: நாடாவின் ரப்பரில் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற ரசாயனங்கள், மூக்குப் பகுதி ஸ்பாஞ்சின் பசை, உலோகக் கம்பி. துவைத்துக் கட்டும் துணி மாஸ்க் என்றால் கணக்கு வேறு. அதில் சுருங்காமல் இருக்கப் போடும் பூச்சிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு, கருநீலப் பாலியெஸ்டர் சாயம், சரியாக அலசாத சோப்புத் தூள் என்று பட்டியல் நீளும். ஆனாலும் என்னிடம் வருபவர்களில் அதிகம் பேருக்கு இருப்பது அலர்ஜி அல்ல, ஈரமும் உரசலும் சேர்ந்து உண்டாக்கும் வெறும் எரிச்சல்தான்.

இரண்டையும் பிரித்துச் சொல்வது பேட்ச் டெஸ்ட். சந்தேகப் பொருட்களைச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரிப்போம். அன்று ஒருமுறை, நான்காம் நாள் இன்னொருமுறை பார்ப்போம். வெறும் எரிச்சல் அதற்குள் மங்கிவிடும். அலர்ஜியோ அதன் பிறகும் தடித்துக்கொண்டே போகும். உங்கள் மாஸ்க்கின் நாடா, ஸ்பாஞ்ச், துணி மூன்றிலும் சிறு துண்டு வெட்டி, நனைத்து, சேர்த்தே ஒட்டலாம். அதனால் வரும்போது பயன்படுத்தாத மாஸ்க் இரண்டு கொண்டு வாருங்கள். அதுவரை மாஸ்க்கைக் கழற்றியதும் வெறும் தண்ணீரில் கழுவி, வாசனையில்லாத வாசலின் தடவுங்கள். மாஸ்க்குக்கு அடியில் தடவ வேண்டாம், வழுக்கி இடைவெளி விழும். யாரோ சொன்னார்கள் என்று வீரியமான ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் பூசாதீர்கள். மாஸ்க் போட்ட சில நிமிடங்களில் உதடோ இமையோ வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, பேட்ச் டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று. மூக்குத்தண்டு, காதுக்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். கன்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துணி அதிகம் படுவது அங்கேதானே? அந்த இரண்டு இடங்களிலும் தினமும் உட்காரும் இன்னொரு பொருள் இருக்கிறது: மூக்குக்கண்ணாடி. நீங்கள் கண்ணாடி போடுபவரா? ஒன்றரை மாதத்துக்கு முன் அதன் சட்டத்தை (ஃபிரேமை) மாற்றினீர்களா? மாஸ்க் போடாத விடுமுறை நாட்களிலும் அரிப்பு அப்படியே இருக்கிறதா? ஆம் என்றால் மாஸ்க்கை வீணாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம். உலோகச் சட்டமானால், டைமெத்தில்கிளையாக்ஸைம் கரைசலில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்ப்போம், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். மாஸ்க்கோடு அந்தக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.