வாசகர் கேள்விகள்: மரக்கூடாரத்தில் படுக்கும் முன்

மூன்று மரங்களுக்கு நடுவே, தரையில் படாமல், பெல்ட்டால் இழுத்துக் கட்டும் முக்கோணக் கூடாரம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கூடாரத்தின் தரை பலகை போல விறைப்பாக நிற்க வேண்டும் என்று என் நண்பர் ராட்செட்டின் (பெல்ட்டைச் சுருட்டி இறுக்கும் பல்சக்கரக் கருவி) கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி இறுக்குகிறார். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பத்திரம் என்கிறார். உண்மையா?

இல்லை. அந்தக் குழாயை முதலில் ஓரங்கட்டச் சொல்லுங்கள். துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் தொய்வாக இருக்கும் கொடி ஈரப் போர்வையைச் சிரமமில்லாமல் தாங்கும். அதையே விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டுப் போர்வையைப் போட்டால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். மரக்கூடாரத்திலும் இதேதான் நடக்கிறது.

இரண்டு பேரும் பைகளுமாக 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெல்ட்டும் சமமாகத் தாங்கும்போது, பெல்ட் படுக்கைவாட்டிலிருந்து 15 பாகை சரிந்திருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 230 கிலோ இழுவை. 10 பாகை என்றால் சுமார் 345 கிலோ. 5 பாகைக்கு இறுக்கிவிட்டால் சுமார் 690 கிலோ! உள்ளே ஏறிய எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை, கோணம்தான் மாறியது. இதற்குமேல், ஒருவர் தொப்பென்று உட்கார்ந்தால் அந்தக் கணத்தில் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். குழந்தைகளை உள்ளே குதிக்க விடக்கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

சரிவை அளக்கப் பாகைமானி தேவையில்லை. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, வெளியே நிற்கும் ஒருவர் அடிமரத்திலிருந்து படுக்கைவாட்டில் 1 மீட்டர் தள்ளிப் பெல்ட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால் போதும். 18 செ.மீ. இறங்கியிருந்தால் 10 பாகை, 27 செ.மீ. என்றால் 15 பாகை. 18-க்கும் குறைவாக இருந்தால் எல்லோரும் இறங்கிவிட்டு, பெல்ட்டைத் தளர்த்திக் கட்டுங்கள்.

ராட்செட் கைப்பிடியின் நீளம் மனிதக் கையின் பலத்துக்கு என்று அளந்து வைத்தது. குழாய் போட்டு நெம்பினால் பல்சக்கரமும் அச்சும் வளையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடுத்த முறை ஆள் ஏறும்போது வழுக்கும். ஏற்கெனவே குழாய் போட்டு இறுக்கிய ராட்செட்டை மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: எந்த மரத்தை நம்பலாம்? எவ்வளவு இடைவெளி வேண்டும்?

உயிருள்ள, அசையாத, குறைந்தது 25 செ.மீ. குறுக்களவுள்ள மரம். மூன்றில் ஒன்று மெலிந்திருந்தாலும் அந்த இடம் வேண்டாம். கையால் முழு பலத்தோடு தள்ளிப் பாருங்கள். உச்சிக் கிளைகள் ஆடினால் வேறு மரம் தேடுங்கள்.

பிறகு அடியிலிருந்து பார்வையை மேலே கொண்டுபோங்கள். வேரடியில் காளான் முளைத்திருந்தாலோ, அடிமரத்தில் தட்டு போன்ற பூஞ்சை ஒட்டியிருந்தாலோ உள்ளே மரம் மக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சாய்ந்த மரத்தின் ஒரு பக்கத்தில் மண் வெடித்துத் தூக்கியிருந்தால் வேர் பிடி விட்டுக்கொண்டிருக்கிறது. துளைகளிலிருந்து மரத்தூள் கொட்டினால் வண்டு அரிக்கிறது. கட்டையால் தட்டும்போது பொத்தென்று கேட்டால் உள்ளே பொந்து இருக்கலாம்.

கட்டும் மரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். பட்ட கிளை, முறிந்து இன்னொரு கிளையில் மாட்டித் தொங்கும் கிளை, கனத்த காய் காய்க்கும் மரம், எட்டி விழும் தூரத்தில் நிற்கும் பட்ட மரம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே கட்ட வேண்டாம். பெரிய யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத வெயில் நாளில்கூடக் கிளை உதிர்க்கும். அவற்றின் அடியில் தூங்க வேண்டாம்.

இடைவெளி கூடாரத்துக்குக் கூடாரம் மாறும். மரங்களுக்கு நடுவே தரையில் கூடாரத்தை விரித்து, மூன்று முனைகளையும் மூன்று மரங்களைப் பார்க்கத் திருப்புங்கள். ஒவ்வொரு முனைக்கும் மரத்துக்கும் இடையே குறைந்தது 1 மீட்டராவது இருந்தால்தான் பெல்ட்டும் ராட்செட்டும் வேலை செய்ய இடம் கிடைக்கும். தூரம் மூன்று பக்கமும் சமமாக இல்லாவிட்டால் பரவாயில்லை, பெல்ட்டின் நீளம் ஈடுகட்டும். திசைதான் முக்கியம். மரங்களை இணைத்து மனத்தில் ஒரு முக்கோணம் வரைந்தால் எந்த மூலையும் 120 பாகைக்கு மேல் விரியக்கூடாது. மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றால் எப்படி இறுக்கினாலும் தரை கோணிக்கொண்டுதான் நிற்கும்.

கேள்வி: கட்டும் வரிசையைச் சொல்லுங்கள். உயரம் எவ்வளவு இருக்கலாம்?

ஆள் ஏறிய பிறகு தரையின் மிகத் தாழ்ந்த இடம் நிலத்திலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். ஆள் ஏறினால் கூடாரம் தாழும் என்பதால் பெல்ட்டை அதைவிடச் சற்று உயரத்தில் சுற்ற வேண்டியிருக்கும். மூன்று பெல்ட்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நிலம் சரிவாக இருந்தால், மண்ணிலிருந்து அளந்த உயரம் ஏமாற்றும்; கொத்தனார் போலத் தண்ணீர் நிறைத்த குழாயை வைத்து மட்டம் பாருங்கள். அடியில் கல், அடிக்கட்டை, முளை எதுவும் கூடாது.

பெல்ட்டை மரத்தில் சுற்றி, மறுமுனையை அதன் காதுக்குள் (நுனியில் தைத்திருக்கும் வளையம்) விட்டு இழுங்கள். இந்தச் சுருக்கில் பெல்ட்டின் வலிமை சுமார் 80 விழுக்காடாகக் குறையும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பெல்ட்டில் முடிச்சு மட்டும் போடவே கூடாது. இரண்டு முனைகளை முதலில் தளர்வாக மாட்டிவிட்டு மூன்றாவதற்குப் போங்கள்.

பலரும் தடுமாறுவது ராட்செட்டில் பெல்ட்டைக் கோப்பதில்தான். கைப்பிடியைத் திறந்து, அச்சின் நடுவில் உள்ள பிளவு கண்ணுக்குத் தெரியும்படி திருப்புங்கள். பெல்ட்டின் நுனியைக் கீழிருந்து பிளவுக்குள் விட்டு, மறுபக்கம் பிடித்து, தொய்வு முழுவதையும் கையாலேயே இழுத்து எடுத்துவிடுங்கள். அதன் பிறகுதான் கைப்பிடி. அச்சில் இரண்டு மூன்று சுற்று ஏறியதும் பிடி விழும். தொய்வைக் கையால் எடுக்காமல் கைப்பிடியாலேயே சுருட்டினால் பெல்ட் அச்சில் உருண்டையாகி ராட்செட்டின் சட்டத்தில் இடித்துக்கொள்ளும், அவிழ்க்கும்போது வராது.

மூன்று முனையிலும் முறைவைத்து நாலைந்து தட்டாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கூடாரம் ஒரு பக்கமாக ஓடிவிடும். தரை விரிந்து நின்ற பிறகே வளைகம்பிகளைப் போடுங்கள்; முன்பே போட்டால் கம்பி ஒடியலாம். முதலில் ஒருவர் மட்டும், நடுவில், மெல்ல உட்காரட்டும். கால் மணி நேரம் கழித்து இறங்கி, மூன்று சுருக்கையும் ராட்செட்டையும் பாருங்கள். புது பெல்ட் முதல் எடையில் கொஞ்சம் நீளும். இருட்டும் முன் இதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் பார்க்கும் பெல்ட் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. எதை வாங்குவது?

தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். ஐரோப்பியத் தரப்படி செய்தவற்றில் நீலச் சீட்டு பாலியெஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிபுரொப்பிலீன். பாலியெஸ்டரை வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும், இரவில் கூடாரம் இறங்கிவிடும். ‘எல்.சி.’ (கட்டும் திறன்) என்ற எண் டெகாநியூட்டனில் இருக்கும். அதை ஏறக்குறைய கிலோ என்றே படிக்கலாம். அது சரக்குக் கட்டுவதற்கான அளவு. ஆள் படுக்கும் இடத்தில், அறுபடும் வலிமை நீங்கள் எதிர்பார்க்கும் இழுவையைப்போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். மேலே சொன்ன 345 கிலோவுக்கு 1,725 கிலோ. சீட்டே இல்லாத பெல்ட்டை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஓரம் பிய்ந்தது, தையல் விட்டது, வெயிலில் வெளுத்து மொரமொரப்பானது எல்லாம் குப்பைக்கு.

கேள்வி: காலையில் ராட்செட் திறக்கவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

வேண்டாம். ஆட்களும் பைகளும் இறங்கியாயிற்றா என்று முதலில் பாருங்கள். எடை இருக்கும்போது ராட்செட்டைத் திறந்தால் கூடாரம் ஒரே வீச்சில் விழும். இறங்கியும் வரவில்லை என்றால் கைப்பிடியை ஒரு தட்டு கூடுதலாக இறுக்குங்கள். தாழ்ப்பாள் பல்லிலிருந்து விலகும். உடனே கைப்பிடிக்குள் இருக்கும் நாக்கை இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியைத் தட்டையாக விரியுங்கள். பெல்ட் சட்டென்று ஓடும், விரல்கள் இடுக்கில் இருக்கக்கூடாது. அப்போதும் அசையாவிட்டால் மற்ற இரண்டு முனைகளில் ஒன்றைத் தளர்த்துங்கள், இங்கே இழுவை குறைந்துவிடும். அச்சுக்கு மட்டும் ஒரு துளி எண்ணெய் விடலாம், பெல்ட்டில் படாமல்.

கேள்வி: மழை இரவில் மேல்விரிப்பு சரியாக இருந்தும் உள்ளே தண்ணீர் வந்தது. முதுகும் குளிர்ந்தது.

மரத்தில் வழியும் நீர் பெல்ட் வழியாகவே நடந்து வந்திருக்கும். கூடாரத்துக்கு ஒரு சாண் முன்பாகப் பெல்ட்டில் பருத்திக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நுனியைத் தொங்கவிடுங்கள். நீர் அதில் இறங்கிச் சொட்டும். முதுகுக் குளிருக்குக் காரணம் அடியில் ஓடும் காற்று. உறங்குபையின் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிவிடுவதால் அது காக்காது, கீழே நுரைப்பாய் விரியுங்கள்.

கேள்வி: மரத்துக்குக் கேடு வருமா?

வரும். பட்டைக்கு அடியிலேயே மரம் வளரும் மெல்லிய உயிரடுக்கு இருக்கிறது. குறுகிய பெல்ட் அதை நசுக்கும். 5 செ.மீ. அகலப் பெல்ட்டும் உள்ளே மடித்த கோணியும் போதும். துளிர்க்கும் பருவத்தில் பட்டை எளிதில் உரியும் என்பதால் அப்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆணி, கொக்கி எதுவும் அடிக்காதீர்கள். கூடாரம் காலியாக இருக்கும் நாட்களில் பெல்ட்டை அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: இடி இடித்தால் உள்ளேயே இருக்கலாமா? ரப்பர் பாய் போட்டிருக்கிறோம்.

ரப்பர் பாய் மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. மூன்று உயரமான மரங்களோடு ஈரப் பெல்ட்டால் கட்டுண்டு நடுவில் படுத்திருக்கிறீர்கள். முதல் இடி கேட்டதும் இறங்கி, மரங்களை விட்டு விலகி, கட்டடத்துக்கோ கூரையும் கதவும் மூடிய காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப வேண்டாம். திரும்பியதும் ஏறுவதற்கு முன் டார்ச் அடித்து மேலே பாருங்கள். காற்றில் முறிந்து மாட்டியிருக்கும் கிளை அந்த நேரத்தில்தான் விழக் காத்திருக்கும்.