போர்ன்வில் யாருடைய ஊர்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக பர்மிங்ஹாம் வந்து, நகரின் தெற்கே போர்ன்வில் பகுதியில் குடியிருக்கிறேன். மரங்கள் அடர்ந்த அழகான இடம். ஆனால் பப் ஒன்றுகூட இல்லை. வீட்டின் ஜன்னலை மாற்றவும் அனுமதி வேண்டுமாம். கேட்பரி முதலாளி தொழிலாளர்களைக் கைக்குள் வைத்துக்கொள்ளக் கட்டிய குடியிருப்பு இது என்கிறார் என் நண்பர். உண்மைதானா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பரின் குற்றச்சாட்டு ஆலைக்குப் பொருந்தும், ஊருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கேட்பரி ஆலையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வைக்கப்பட்டார்கள். திருமணமானதும் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகள் நீடித்தது. குடியிருப்பின் கதை வேறு.

ரிச்சர்ட், ஜார்ஜ் கேட்பரி சகோதரர்கள் 1879இல் நகர நடுவிலிருந்த சாக்லேட் ஆலையை இந்த வயல்வெளிக்கு மாற்றினார்கள். ஜார்ஜ் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஞாயிறு காலைகளில் தொழிலாளர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். அம்மாணவர்கள் வாழ்ந்ததோ, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டு, பின்வாசலும் பின்ஜன்னலும் இல்லாமல், முற்றத்துக் கழிப்பறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வீடுகளில். 1893இல் அவர் 120 ஏக்கர் நிலம் வாங்கியது நிறுவனத்தின் பணத்தில் அல்ல, தம் சொந்தப் பணத்தில். 1895இல் கட்டுமானம் தொடங்கியது. அலெக்சாண்டர் ஹார்வி என்ற இளம் கட்டடக்கலைஞர் வரைந்த வீடுகள், மனையில் கால்பங்குக்குமேல் அடைக்கக்கூடாது என்ற கணக்கில் எழுந்தன. குடித்தனம் வருவதற்கு முன்பே தோட்டம் கொத்தப்பட்டு, பின்புறம் ஆப்பிள், பேரி மரங்கள் நடப்பட்டிருக்கும். தனிக் குளியலறைக்கு இடமில்லாத சிறுவீடுகளில் குளியல்தொட்டியைச் சமையலறைத் தரைக்குள் பதித்து மேலே பலகை போட்டு மூடினார்கள், அல்லது நிமிர்த்தி அலமாரிக்குள் தள்ளிவிடும்படி அமைத்தார்கள்.

முதலில் கட்டிய வீடுகள் 999 ஆண்டுக் குத்தகைக்கு, ஏறத்தாழ அடக்க விலையில் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் சிலர் உடனே லாபத்துக்குக் கைமாற்றினார்கள். மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தானே! இதைக் கண்ட ஜார்ஜ் 1900இல் 330 ஏக்கரையும் 313 வீடுகளையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்து, வரும் வாடகை மேலும் வீடு கட்டவே செலவாக வேண்டும் என்று விதித்தார். ஆலையில் வேலை பார்ப்பவருக்குத்தான் வீடு என்ற நிபந்தனை இல்லை; தொடக்கத்திலேயே குடியிருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே கேட்பரி ஊழியர்கள். வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சுறுத்தல்தான் கம்பெனிக் குடியிருப்புகளின் அடிப்படை. அது இங்கே இல்லை. 2010இல் கிராஃப்ட் நிறுவனம் கேட்பரியை வாங்கியபோதும் ஊர் அந்த விற்பனைக்குள் வரவில்லை.

பப் இல்லாதது குவேக்கர்களின் மதுவிலக்குக் கொள்கையின் எச்சம். ஜன்னல் கட்டுப்பாட்டை அறக்கட்டளை இன்றும் விடாமல் கடைப்பிடிக்கிறது; எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், ஆனால் நீங்கள் ரசிக்கும் அந்த அழகு நூற்றாண்டு கடந்து நிற்பதற்கு அதுவே முதன்மைக் காரணம் என்பேன்.

நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கேட்பரி வாங்கிய கோகோவில் பெரும்பங்கு போர்த்துகீசியரின் சாவோ டோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து வந்தது. அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் அத்தோட்டங்களில் அடிமைகளாகவே உழைக்கிறார்கள் என்ற செய்தி 1901இலேயே நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. கொள்முதலை நிறுத்தியதோ 1909இல். இதைச் சாடி எழுதிய ‘ஸ்டாண்டர்ட்’ நாளிதழ்மீது நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கு, அதே ஆண்டு டிசம்பரில் பர்மிங்ஹாமிலேயே நடந்தது. ஜூரிகள் கேட்பரி பக்கம் தீர்ப்பளித்தார்கள்; இழப்பீடாக ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி, கொடுக்கச் சொன்னார்கள்.